'ஆகின்' வரும்வரை காத்திரு

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பரண் ஒழிக்கிற வேலை என் தலையில் விழுந்தது. அப்பா நெய்வேலி சுரங்கத்தில் ரிடையர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிக்கொண்டு வடலூருக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அங்கிருந்து கட்டிக்கொண்டு வந்த அட்டைப்பெட்டிகளில் நாலைந்து இன்னும் பிரிக்கப்படாமலே கிடக்கின்றன. அதில் ஒன்றில் ஒரு டப்பா நிறைய ஃபிளாப்பி. எல்லாம் பூஞ்சை பிடித்துவிட்டது, படிக்க டிரைவும் கிடையாது. டப்பாவுக்கு அடியில், இரண்டு ஓரமும் ஓட்டை போட்ட தொடர்தாளில் டாட் மேட்ரிக்ஸில் அடித்த ஒரே ஒரு பக்கம். மை மங்கியிருந்தாலும் படிக்க முடிந்தது. மொத்தம் 23 வரி. மூலையில் என் கையெழுத்தில் 'டிசம்பர் 96'.

மோடம் வைத்திருந்த காலத்தில் நான் எழுதிய ஸ்க்ரிப்ட் அது. (ஆரம்பிச்சுட்டான்யா கொசுவத்தி சுத்த, என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. பயப்படாதீங்க, கொஞ்சம் சரித்திரமும் உண்டு.)

இந்திய இணையத்தின் வரலாறு என்று எழுதுகிறவர்கள் எல்லோரும் 1995 ஆகஸ்ட் 15-ல் ஆரம்பித்து, எந்த வருஷம் எந்தக் கொள்கை வந்தது என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அந்த இணைப்பு மாசச் சம்பளக்கார வீட்டுக்குள் எப்படி வந்தது, வந்ததை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பது அதில் இருக்காது. அது இந்த மாதிரிக் காகிதத்தில்தான் இருக்கிறது. இந்த 23 வரியை மறுபடி படித்தபோது எனக்குப் பட்டது ஒன்றுதான்: இதில் கணினி அறிவு என்று பெரிதாக எதுவும் இல்லை. ஒவ்வொரு வரியும் ஏதோ ஒரு செலவைக் குறைப்பதற்காக எழுதப்பட்டிருக்கிறது.

*

மோடம் சத்தமே கேட்காத தலைமுறைக்காக ஒரு சின்ன விளக்கம். அப்போதெல்லாம் இணையம் என்றால் போன் பண்ணுவது. நம்ம வீட்டு மோடம் அந்தப் பக்கத்து மோடத்தைக் கூப்பிடும். அது எடுத்ததும் இரண்டும் கீச்சுக் கீச்சென்று கத்திப் பேசி முடித்து, அந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டர் 'லாகின்:' என்று கேட்கும். பெயரை அடிக்க வேண்டும். 'பாஸ்வேர்ட்:' என்று கேட்கும். அதையும் அடிக்க வேண்டும். இந்தக் கேள்வி பதிலை நமக்குப் பதிலாக மெஷினே செய்ய எழுதிக் கொடுக்கிற குறிப்புதான் ஸ்க்ரிப்ட். 'இந்த வார்த்தை வரும்வரை காத்திரு, வந்ததும் இதை அனுப்பு.' அவ்வளவுதான் அதன் இலக்கணம்.

இந்த இலக்கணம் வீட்டுக் கணினிக்கு முன்பே பிறந்தது. 1970-களின் பிற்பகுதியில் பெல் லேப்ஸில் மைக் லெஸ்க் எழுதிய யூயூசிபி என்ற மென்பொருள், ஒரு யூனிக்ஸ் கம்ப்யூட்டர் இன்னொன்றை ராத்திரியில் போனில் கூப்பிட்டுக் கடிதங்களைப் பரிமாறிக்கொள்ள வழி செய்தது. அதில் ஒவ்வொரு ஊர் கம்ப்யூட்டருக்கும் ஒரு வரி எழுதி வைக்க வேண்டும்: எதை எதிர்பார்க்க வேண்டும், எதை அனுப்ப வேண்டும் என்று ஜோடி ஜோடியாக.

அந்த வரிகளில்தான் 'லாகின்' தன் 'லா'வை இழந்தது. சில கம்ப்யூட்டர்கள் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாகப் போடும், சில சின்ன எழுத்தாகப் போடும். போதாக்குறைக்கு லைன் இரைச்சலில் முதல் எழுத்து அடிபடவும் வாய்ப்பு அதிகம். அதனால் முதல் எழுத்தையே விட்டுவிட்டு, மிச்சமிருக்கிற 'ஆகின்:' வருகிறதா என்று மட்டும் பார்க்கச் சொன்னார்கள். பாஸ்வேர்டும் அதே மாதிரி தலை போய் 'ஸ்வேர்ட்:' ஆனது. யாரோ ஒருவருடைய சமயோசிதம் உலகம் முழுக்க வழக்கமாகிவிட்டது. என் காகிதத்திலும் 'ஆகின்'தான் இருக்கிறது. அதன் காரணம் தெரியாமலே காப்பி அடித்திருக்கிறேன் :-)

அமெரிக்காவில் 1981-ல் ஹேய்ஸ் கம்பெனியின் ஸ்மார்ட்மோடம் வந்தது. அதற்கு முன் பெரும்பாலான வீட்டு மோடங்களில் நாமே போனில் நம்பரைச் சுழற்றி இணைக்க வேண்டும். ஸ்மார்ட்மோடத்துக்குக் கம்ப்யூட்டரே எழுத்தில் கட்டளை கொடுக்கலாம். 'ஏ.டி.' என்று ஆரம்பிக்கும் அந்தக் கட்டளைகளை மற்ற கம்பெனிகளும் அப்படியே எடுத்துக்கொண்டன. மோடத்துக்கு எழுத்து புரிய ஆரம்பித்ததும், வீட்டுக் கணினிக்கான தொடர்பு மென்பொருள்களும் கூடவே ஒரு ஸ்க்ரிப்ட் மொழியைக் கொண்டுவந்தன. கிராஸ்டாக், ப்ரோகாம், டெலிக்ஸ் எல்லாம் அந்தப் பத்து வருஷத்துப் பிள்ளைகள். டெலிக்ஸின் மொழிக்குப் பெயர் 'சால்ட்', ப்ரோகாம் ப்ளஸ்ஸின் மொழிக்கு 'ஆஸ்பெக்ட்'.

அங்கே வீட்டு ஸ்க்ரிப்டுகளின் முக்கியமான வேலை விடாமல் டயல் செய்வது. பக்கத்து ஊரில் ஒருவர் வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டரை வைத்து தகவல் பலகை நடத்துவார். அவருக்கு இருப்பது ஒரே போன் லைன், எப்போதும் பிஸி. லைன் கிடைக்கிற வரை ஸ்க்ரிப்ட் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். பெரும்பாலும் லோக்கல் காலுக்குத் தனிக் காசு கிடையாது, அதனால் பேச ஆரம்பித்த பின் அவசரம் இல்லை.

நம்ம ஊரில் கதையே வேறு.

*

நம்ம நாட்டிலும் ஆரம்பம் யூயூசிபிதான். 1986-ல் மின்னணுவியல் துறை, ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு எர்நெட் என்ற கல்வி வலையமைப்பைத் தொடங்கியது. பம்பாயில் இருந்த என்.சி.எஸ்.டி., பெங்களூர் ஐ.ஐ.எஸ்ஸி., ஐந்து ஐ.ஐ.டி.கள் அதில் சேர்ந்தன. நம்ம மெட்ராஸ் ஐ.ஐ.டி.யும் உண்டு. அந்தப் பத்தாண்டின் கடைசியில், நிரந்தர லைன் வருவதற்கு முன், போன் போட்டுத்தான் கடிதங்களை மாற்றிக்கொண்டார்கள். பேராசிரியர்கள் தூங்கும்போது அவர்களுடைய மெஷின்கள் 'ஆகின்' கேட்டு நின்றுகொண்டிருந்தன.

வீட்டு ஆட்களும் சும்மா இருக்கவில்லை. பெங்களூரில் அதுல் சிட்னிஸ் 1989 வாக்கில் சி.ஐ.எக்ஸ். என்ற தகவல் பலகையை நடத்த ஆரம்பித்தார். பம்பாயில் சுசித் நந்தாவின் லைவ் வயர். இந்த மாதிரி பலகைகளுக்கும் உரிமம் வேண்டும், வருஷத்துக்குப் பல லட்ச ரூபாய் கட்டணம் வேண்டும் என்று 1990-களின் நடுவில் தொலைத்தொடர்புத் துறை கிளம்பியதும், அதை எதிர்த்து இவர்கள் மல்லுக்கு நின்றதும் தனிப் பதிவாக எழுத வேண்டிய விஷயம்.

அப்புறம்தான் 1995 ஆகஸ்ட் 15. வி.எஸ்.என்.எல். டில்லி, பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் நகரங்களில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. அதில் இரண்டு ஜாதி. படங்களோடு வலையைப் பார்க்க உதவும் டி.சி.பி/ஐ.பி. கணக்குக்கு வருஷம் 15,000 ரூபாய். மாணவர்களுக்கு 500 ரூபாயில் ஷெல் கணக்கு: கறுப்புத் திரை, வெறும் எழுத்து, பைன் என்ற நிரலில் மின்னஞ்சல், லின்க்ஸ் என்ற நிரலில் படமில்லாத வலை. இரண்டுக்கும் நடுவே முப்பது மடங்கு.

1996-ல் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நான் 500 ரூபாய் ஜாதி. மெட்ராஸ், சென்னை ஆனதும் அந்த வருஷம்தான். ஆனால் என் முகவரியில் வரும் கம்ப்யூட்டர் பெயர் 'ஜி.ஐ.ஏ.எஸ். எம்.டி. 01'. அந்த 'எம்.டி.' மெட்ராஸ். அரசாணை அதைத் தொடவே இல்லை.

*

இப்போது நெய்வேலி. அனல்மின் நிலையங்களில் இருந்து தமிழ்நாட்டுக்கும் பக்கத்து மாநிலங்களுக்கும் கரண்ட் போகிற ஊர். மற்ற ஊர்க்காரர்கள் மாதிரி எங்களுக்கு அடிக்கடி கரண்ட் கட் எல்லாம் தெரியாது. அப்பா சொசைட்டி லோன் போட்டு வாங்கிக் கொடுத்த 486, விடிய விடிய ஓடினாலும் ஒரு சொட்டு சிரமம் இல்லை. சிரமம் எல்லாம் அந்த போன் கம்பியில்தான். சென்னை கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர். லாகின் ஆக வேண்டுமென்றால் எஸ்.டி.டி. போட வேண்டும். வி.எஸ்.என்.எல்.லுக்குக் கட்டிய 500 ஒரு பக்கம், ஒவ்வொரு சில நொடிக்கும் ஓடுகிற மீட்டர் இன்னொரு பக்கம்.

ராத்திரி 11 மணிக்கு மேல் எஸ்.டி.டி. கால் கட்டணம். பூத் வாசலில் கூட்டம் நிற்கிற நேரம். எங்கள் வீட்டில் அப்பா செகண்ட் ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட்டுப் படுக்கிற நேரம். ஹாலில் விளக்கைப் போடாமல், ரிச்சி தெருவில் வாங்கிய 14.4 மோடத்தின் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு உட்காருவேன்.

காகிதத்தில் இருப்பதைத் தமிழ் எழுத்தில் தருகிறேன், முக்கியமான வரிகள் மட்டும்:

டிரான்ஸ்மிட் "ஏடிடிபி 0,44..."
வெயிட்ஃபார் "கனெக்ட்" 90
வெயிட்ஃபார் "ஆகின்:"
வெயிட்ஃபார் "ஸ்வேர்ட்:"
வெயிட்ஃபார் "சாய்ஸ்" ஃபார்எவர்
லாக் ஓப்பன்
ஹேங்கப்

'ஏடிடிபி'யில் கடைசி எழுத்து 'பல்ஸ்' முறை டயல். டோன் முறையை எங்கள் லைன் ஏற்கவில்லை, ஆகவே பழைய சுழல் போன் மாதிரி டக டக என்று எண்ணித்தான் போகும். பூஜ்யத்துக்குப் பின்னால் இருக்கும் காற்புள்ளிக்கு மோடம் மொழியில் அர்த்தம், இரண்டு விநாடி பொறு. எஸ்.டி.டி. லைன் பிடிக்க அவகாசம் கொடுக்காமல் மிச்ச எண்களைத் தள்ளினால் ராங் நம்பருக்குப் போகும், அர்த்தராத்திரியில் யாரையாவது எழுப்பும். அனுபவம்!

'கனெக்ட்'டுக்குப் பக்கத்தில் 90 விநாடி. அந்தப் பக்கம் மணி அடித்து, எடுத்து, இரண்டு மோடமும் பேசி முடிக்க எங்கள் லைனில் அவ்வளவு ஆகும். சாதாரணமாக மோடம் அதற்கு முன்பே சலித்துப் போய் வைத்துவிடும். அந்தப் பக்கம் எடுத்த பிறகு வைத்தால் மீட்டர் ஓடியது ஓடியதுதான்.

அடுத்தது 'லாக் ஓப்பன்'. இந்த ஸ்க்ரிப்டின் உயிரே அதில்தான். வந்திருக்கும் கடிதங்களைத் திரையில் ஓடவிட்டு, ஓடுகிற அத்தனையையும் ஒரு கோப்பில் பிடித்துக்கொண்டு, உடனே போனை வைத்துவிடும். ஒருவரியும் லைனில் இருக்கும்போது படிப்பதில்லை. பதில்களையும் பகலிலேயே நிதானமாக அடித்து வைத்திருப்பேன், ஸ்க்ரிப்ட் அதை ஒரே மூச்சில் கொட்டிவிட்டு வரும். மொத்தம் மூன்று நான்கு நிமிஷம். நான் கையால் அடித்தால் இருபது நிமிஷம். அந்த வித்தியாசம்தான் என் கணக்கு அந்த வீட்டில் நீடித்ததற்குக் காரணம்.

ஒரு வரியில் என் பாஸ்வேர்ட் அப்பட்டமாக அச்சாகியிருக்கிறது. என்னவென்று கேட்காதீர்கள், இன்னும் ஒரு இடத்தில் அதையே வைத்திருக்கிறேன்.

*

தமிழ் எங்கே வந்தது என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

அந்தக் கறுப்புத் திரைக்குத் தமிழ் தெரியாது. சோக்.கல்ச்சர்.தமிழ் மாதிரியான செய்திக்குழுக்களில் தமிழை ரோமன் எழுத்தில்தான் எழுதினார்கள். பாலா பிள்ளை நடத்திய தமிழ்.நெட் மடற்குழுவில்தான் ஆட்கள் தமிழ் எழுத்தாகவே அனுப்ப ஆரம்பித்திருந்தார்கள். அதில் எனக்கு உதவியது ஸ்விட்சர்லாந்தில் இருந்து முனைவர் கல்யாணசுந்தரம் இலவசமாகக் கொடுத்த மயிலை எழுத்துரு.

அது ஏன் உதவியது என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கணினியில் ஒரு எழுத்துக்கு எட்டு பிட். ஆனால் அந்தக் காலத்து அஞ்சல் வழிகளும் டெர்மினல் லைன்களும் பல இடங்களில் ஏழு பிட்டைத்தான் பத்திரமாகக் கொண்டுசேர்க்கும். எட்டாவது போகிற வழியில் உதிர்ந்துவிடும். எட்டாவது பிட்டை நம்பிய எழுத்துருக்களில் எழுதியது அந்த மாதிரி வழியில் வந்தால் குப்பையாக வந்து சேரும். மயிலை ஏழு பிட்டுக்குள், ஆங்கில எழுத்துக்களின் இடத்திலேயே தமிழை உட்கார வைத்தது. அதனால் எந்த ஓட்டைக் குழாய் வழியாக வந்தாலும் சிந்தாமல் வந்தது.

ஸ்க்ரிப்ட் ஓடும்போது திரையில் தெரிவது அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல். போனை வைத்தாயிற்று, மீட்டர் நின்றாயிற்று. பிறகு விண்டோஸைத் திறந்து, பிடித்து வைத்த கோப்பை ரைட்டில் ஏற்றி, முழுவதையும் தேர்ந்தெடுத்து, எழுத்துருவை மயிலை என்று மாற்றினால் திரை முழுக்கத் தமிழ். எங்கேயோ சிட்னியிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற ஆட்கள் எழுதியது. மணி பன்னிரண்டரை இருக்கும். அப்படி வந்த முதல் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கே இல்லை. நெய்வேலியில் அந்த ராத்திரியில் எனக்கு மட்டும் தெரிந்த ரகசியம் மாதிரி இருந்தது.

*

இப்போது அந்த 'ஃபார்எவர்' வரி. காகிதத்தில் அந்த வார்த்தை மட்டும் சிவப்புப் பேனாவால் அடிக்கப்பட்டு, பக்கத்தில் '60' என்று எழுதியிருக்கிறது. கையெழுத்து என்னுடையதில்லை. அப்பாவுடையது.

வெயிட்ஃபார் கட்டளை, நாம் எதுவும் சொல்லாவிட்டால் 30 விநாடி காத்திருந்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். சில ராத்திரிகளில் மெனு வரவே அதற்குமேல் ஆகும், ஸ்க்ரிப்ட் முந்திக்கொண்டு தப்பான இடத்தில் தப்பானதை அடிக்கும். கடுப்பில் 'ஃபார்எவர்' என்று போட்டேன். வரும்வரை காத்திரு, எவ்வளவு நேரமானாலும். அன்றைக்கு ராத்திரி டயல் செய்யவிட்டு, காத்திருக்கும்போதே மேஜையில் தலை வைத்துத் தூங்கிவிட்டேன். லைன் இரைச்சலில் 'சாய்ஸ்' என்ற வார்த்தையில் ஒரு எழுத்து அடிபட்டிருக்கிறது. எதிர்பார்த்த வார்த்தை வரவில்லை. ஸ்க்ரிப்ட் சொன்ன சொல் தவறாமல் காத்திருந்தது. ஐந்தரை மணிக்குப் பால்காரர் மணிச் சத்தத்தில் முழித்தபோது மோடத்தின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அப்பாவிடம் மறைக்க முடியாது, பில்லில் தெரிந்துவிடும். சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். "அந்தப் புரோக்ராமைக் காட்டு" என்றார். பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன்.

அப்பா சுரங்கத்தில் கன்வேயர் எலக்ட்ரீஷியன். மேல்மண்ணை வெட்டி எடுக்கும் ராட்சத இயந்திரத்திலிருந்து, அதைக் கொட்டும் இடம் வரை பெல்ட்டுகள் வரிசையாகப் போகும். ஓட்ட ஆரம்பிக்கும்போது கொட்டும் இடத்து பெல்ட்தான் முதலில் ஓட வேண்டும். அது ஓடுகிறது என்று சிக்னல் வந்தால்தான் அதற்கு முந்தைய பெல்ட், அப்புறம் அதற்கு முந்தையது. இல்லாவிட்டால் ஓடாத பெல்ட்டின் தலையில் மண் குவிந்துவிடும்.

வரி வரியாகக் கேட்டுவிட்டு, "எங்க இன்டர்லாக் மாதிரியேதான் இருக்கு" என்றார். "சிக்னல் வந்தா அடுத்தது. சரி. வரலைன்னா?"

"வர்ற வரைக்கும் நிக்கும்ப்பா."

"வரலைன்னா ட்ரிப் ஆகணும் தம்பி. சிக்னல் வரும் வரும்னு எவ்ளோ நேரம் மோட்டாரை உறும விட்டுட்டு நிப்ப? ஒரு நிமிஷம் பாரு. வரலைன்னா நிறுத்து, ஆள் போய்ப் பாக்கட்டும்."

சட்டைப் பையில் இருந்த பேனாவை எடுத்து அடித்து, 60 என்று எழுதினார். இரண்டு மாசம் கழித்து வந்த பில்லில் வழக்கத்தைவிட ஆயிரம் ரூபாய் கூடுதல். இரண்டு வருஷச் சந்தா ஒரே ராத்திரியில். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா பேசினார், அது வேறு விஷயம்.

*

அதற்குப் பின் ரொம்ப நாள் இந்த வித்தை நிலைக்கவில்லை. விண்டோஸ் 95 வந்து, அதிலும் டயல்-அப் ஸ்க்ரிப்ட் என்று ஒன்று இருந்தது. 1998 நவம்பரில் தனியார் நிறுவனங்களுக்கும் இணையச் சேவை திறந்துவிடப்பட்டது. பெயர், கடவுச்சொல் இரண்டையும் மெஷின்களே சத்தமில்லாமல் பரிமாறிக்கொள்ளும் 'பாப்' என்ற முறை எல்லா இடத்திலும் வந்ததும், 'ஆகின்' வரக் காத்திருக்கும் வேலையே போய்விட்டது. ஒரு பட்டனை அமுக்கினால் போதும். 2002-ல் வி.எஸ்.என்.எல். டாட்டா குழுமத்தின் கைக்குப் போய், 2008-ல் பெயரும் மாறிவிட்டது. அப்பா வேலை பார்த்த கம்பெனியும் 2016-ல் என்.எல்.சி. இந்தியா ஆனது.

அந்தக் காலத்து ஸ்க்ரிப்டுகள் எதையும் யாரும் சேர்த்து வைத்ததாகத் தெரியவில்லை. ஏன் சேர்க்கப்போகிறார்கள்? அதில் எல்லாம் பாஸ்வேர்ட் இருந்தது, ஃபிளாப்பியில் இருந்தது, வேலை முடிந்ததும் தூக்கிப் போடுகிற சமாச்சாரம். ஆனால் எந்த ஊர் லைன் எவ்வளவு மோசம், ஒரு நிமிஷம் எவ்வளவு விலை, ஒரு குடும்பம் அதில் எவ்வளவு தாங்கியது என்பதெல்லாம் அந்த விநாடிக் கணக்குகளில்தான் எழுதப்பட்டிருந்தது. உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஏதாவது தொடர்தாள் கிடந்தால், எடைக்குப் போடுவதற்கு முன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள்.

ஃபிளாப்பிகளை எறிந்துவிட்டேன். காகிதத்தைக் கொண்டுபோய் அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். ஸ்க்ரிப்ட் என்னவென்று அவருக்கு ஞாபகம் இல்லை. ஆனால் விரல் நேராக அந்தச் சிவப்பு 60-க்குப் போனது.

"ட்ரிப் டைம் எழுதியிருக்கேன் போல" என்றார்.